கையால் செய்த யுகுலேலேக்கு 19,500 ரேண்ட் கொடுக்கலாமா: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் தமிழ்ப் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இளவயதில் வீணை கற்றவர். இடது கை விரல் மூட்டுகளில் வலி வந்த பிறகு வீணைக்கு உறை போட்டு மூலையில் வைத்துவிட்டார். பேரன் பள்ளிக்கூடத்தில் யுகுலேலே கற்கத் தொடங்கியதும், சும்மா கையில் எடுத்துப் பார்த்தவருக்குப் பிடித்துப்போனது. நாலே நைலான் தந்தி, அழுத்தம் குறைவு, மடியில் அடங்கும் அளவு. 1,600 ரேண்டுக்கு ப்ளைவுட்டில் செய்த கான்சர்ட் அளவு யுகுலேலே ஒன்றை வாங்கி அதிலேயே சில வருடம் வாசித்து வந்தார்.

சொந்த வீடு டர்பனில். மகன் குடும்பம் ஜொகானஸ்பர்க்கில். வருடத்தில் நாலைந்து மாதம் அங்கே போய் இருப்பார். கடலோர ஈரத்துக்கும் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்துக் காய்ந்த காற்றுக்கும் நடுவே அந்த வாத்தியமும் அவரோடு போய்வரும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

2023 ஏப்ரலில், மேற்குக் கேப் மாகாணத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்து வைத்திருந்த, கான்சர்ட்டைவிட ஒரு அளவு பெரிய டெனர் யுகுலேலே அவர் கண்ணில் பட்டது. விலை 19,500 ரேண்ட். கூரியரில் அனுப்புவார், ஏழு நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். அம்மாவுக்கு ஆசை. மகனுக்குத் தயக்கம். நான் ஜொகானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் கிட்டார், வீணை, தம்புரா என்று தந்தி வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன். "அண்ணா, காசு பிரச்சினை இல்லை. ஆனா கடையில 7,800க்கு முழுமரத்துலயே கிடைக்குது. மீதிப் பணம் எதுக்குப் போகுதுன்னு யாராவது சொன்னா நிம்மதியா இருக்கும்" என்றார் மகன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் அந்த டெனரைச் சில நாள் இரவல் கொடுத்தார்.

விலை எங்கிருந்து வருகிறது

செய்தவரிடம் தொலைபேசியில் பேசினேன். மறைக்காமல் சொன்னார். மரம், தந்தி முடுக்கும் சாவிகள், பெட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து 4,500 ரேண்ட் அளவில் ஆகிறது. வேலை 75 மணி நேரம் பிடிக்கிறது. மீதி 15,000 ரேண்டை அதால் வகுத்தால் மணிக்கு 200 ரேண்ட். ஜொகானஸ்பர்க்கில் இந்தக் கூலிக்கு ஒரு பிளம்பர் வீட்டு வாசலைக்கூட மிதிக்கமாட்டார். ஆக, அவர் அநியாய விலை சொல்லவில்லை. மகன் அந்த இடத்திலேயே பாதி சமாதானம் ஆகிவிட்டார்.

எனக்கு அது போதவில்லை. விலை ஏன் இவ்வளவு என்பதற்குத்தான் உழைப்புக் கணக்கு பதில் சொல்லும். வாங்குகிறவருக்கு அது பெறுமா என்பது வேறு கேள்வி. 75 மணி நேரம் உழைத்து மோசமான வாத்தியம் செய்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் செய்தவர் எடுத்த முடிவுகள் இந்த அம்மாவின் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த சந்தேகம் மரம். உடலும் மேல்பலகையும் 'பிளாக்வுட்' என்று விளம்பரத்தில் இருந்தது. அம்மா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருச்சிக்குப் போய்வருவார். பிளாக்வுட் என்றால் தடை செய்யப்பட்ட மரம், விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ மகனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இதில் இரண்டு மரங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஆப்பிரிக்க பிளாக்வுட் என்பது டால்பெர்ஜியா மெலனாக்சிலான், ரோஸ்வுட் இனம். ஆஸ்திரேலிய பிளாக்வுட் என்பது அக்கேசியா மெலனாக்சிலான். கேப் கடலோரத்து நைஸ்னா பக்கம் காட்டில் நட்டுப் பரவி, இன்று அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கும் மரம் அது. யுகுலேலேக்குப் பெயர்போன ஹவாய்க் கோவா மரமும் அக்கேசியாதான், அதற்கு நெருங்கிய உறவு. இந்த வாத்தியத்தின் உடல் அக்கேசியா. விரல்பலகை மட்டும் டால்பெர்ஜியா.

2016இல் இதே ஜொகானஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில்தான் டால்பெர்ஜியா இனம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்தது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் தனி. அது 1992 முதலே கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இங்கே அது இல்லை. எந்த மரம் எந்தப் பாகத்தில் என்று செய்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் வைத்தோம், அவ்வளவுதான்.

மேசையில் கண்டது

கூரியர் பெட்டியை வந்த அன்றே திறக்கவில்லை. அறையின் வெப்பத்துக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் எடுத்தேன்.

முதலில் எடை. கையால் செய்தது 610 கிராம், கடை டெனர் 730. எடை குறைந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, எங்கே குறைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். காந்த அளவுகோலை வைத்து மேல்பலகையைப் பார்த்தேன். கடை வாத்தியத்தில் எந்த இடத்திலும் 2.4 மில்லிமீட்டர். கையால் செய்ததில் நடுவில் 1.9, கீழ் விளிம்பை நோக்கிப் போகப்போக 1.6. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்குவது. அதே மரமாக இருந்தால் 2.4ஐ 1.9 ஆக்கும்போது விறைப்பு பாதியாகிவிடும். அரை மில்லிமீட்டர் சீவலில் இவ்வளவு வித்தியாசம். தொழிற்சாலைக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. மெல்லிய பலகை வெடித்துத் திரும்பி வந்தால் லாபம் போச்சு. அதனால் எல்லாவற்றையும் தடிமனாக அனுப்புகிறார். ஒவ்வொரு பலகையையும் வளைத்துப் பார்த்து எங்கே நிறுத்தலாம் என்று முடிவெடுக்க அவருக்கு நேரம் இல்லை.

சின்னக் கண்ணாடியும் விளக்கும் விட்டு உள்ளே பார்த்தேன். தாங்குசட்டங்களின் முனைகள் தாள்போல் மெலிந்து பலகையோடு இழைந்திருந்தன. ஓரிடத்தில் கோந்து வழிந்து காய்ந்திருந்தது. அது அழகுக் குறை மட்டும்தான். வெளிப்பூச்சு அரக்கு. பார்க்க நன்றாக இருக்கும், வியர்வை பட்டால் மங்கும்.

அடுத்து சுருதி. டெனரின் தந்தி நீளம் 430 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் (வீணையின் மெட்டுப்போல் விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டி) மேல்முனையிலிருந்து 24.1இல் இருக்க வேண்டும், பன்னிரண்டாவது 215இல். இரண்டு வாத்தியத்திலும் ஃப்ரெட்டுகள் சரியான இடத்தில்தான் இருந்தன. இதில் தொழிற்சாலை இயந்திரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ட்யூனரை வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் குறை இருந்தது. ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். கடை டெனரில் மேலே தந்தி உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல், முதல் ஃப்ரெட்டை அழுத்தினாலே 12 சென்ட் ஏறியது. அரைமணி நேரம் அரம் பிடித்தால் சரியாகிவிடும். கையால் செய்ததில் முதல் ஃப்ரெட் சுத்தம். ஆனால் சி தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 9 சென்ட் ஏற்றம். யுகுலேலேயின் நாலு தந்தியில் சி தந்திதான் தடித்தது. அதற்கு மட்டும், கீழ்முனையில் தந்தி உட்காரும் பட்டையான சேடிலில் தாங்குமுனை சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். செய்தவர் சேடிலை நேராக விட்டுவிட்டார். கீழ்ஸ்தாயியில் வாசிப்பவருக்குத் தெரியாது. வீணைக் காது உள்ளவர் மேலே போனால் முகம் சுளிப்பார். 19,500 ரேண்ட் வாத்தியத்தில் இது இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதை அவரிடமே சொன்னேன்.

கழுத்தில்தான் பெரிய வித்தியாசம். கடை டெனரின் நட் அகலம் 35 மில்லிமீட்டர், விரல்பலகை தட்டை. கையால் செய்ததில் 38 மில்லிமீட்டர், விரல்பலகைக்கு லேசான வளைவு. பின்புறம் கட்டைவிரல் உட்காரும் இடம் தட்டையாகாமல் உருண்டிருந்தது.

திரைக்குப் பின்னால்

தமிழ்ப் பள்ளிக் கூடத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். மூன்று யுகுலேலேக்கும் ஒரே வகைத் தந்தி மாட்டியிருந்தேன். கடை டெனரின் நட்டையும் அதற்குள் சரிசெய்துவிட்டேன். பேரன் பின்னால் உட்கார்ந்து ஒரே பாட்டை மாற்றி மாற்றி வாசித்தான். ப்ளைவுட் எது என்பதை ஏறக்குறைய எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்ற இரண்டில் எது 7,800, எது 19,500 என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரே ஆள் இரண்டாம் சுற்றில் மாற்றியும் சொன்னார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. நல்ல முழுமர வாத்தியம் இரண்டை ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பிரிப்பது சிரமம்.

அப்புறம் அம்மாவைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, மூன்றையும் வரிசை மாற்றிக் கையில் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் கையால் செய்ததைச் சரியாகச் சொன்னார். அதுவும் தந்தியை மீட்டும் முன்பே, கழுத்தைப் பிடித்த உடனே. கடைசியில் எதையாவது எடுத்து வாசியுங்கள் என்று விட்டோம். முக்கால் மணி நேரம் வாசித்தார். ப்ளைவுட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது மோதிர விரலின் நடுக்கணுவை வலது கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொள்வார். அவருக்கே தெரியாத பழக்கம் அது. அன்று அந்த 38 மில்லிமீட்டர் கழுத்தில் அந்தக் கை ஒருமுறைகூட அங்கே போகவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

ஓசைக்காக மட்டும் என்றால் கடை டெனரை வாங்குங்கள், நட்டைச் சரிசெய்தாயிற்று, அதற்கு மேல் செலவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன். மீதி 11,700 ரேண்ட் கழுத்தின் அகலத்துக்கும் விரல்பலகை வளைவுக்கும் எடைக்கும், கெட்டால் திறந்து சரிசெய்ய ஒரு ஆள் இருப்பதற்கும் போகிறது. இந்த விரல்களுக்கு அது தேவையா என்பதுதான் கணக்கு.

38 மில்லிமீட்டர் நட் உள்ள தொழிற்சாலை டெனர்களும் உலகத்தில் உண்டு. அதையும் தேடினோம். ஜொகானஸ்பர்க்கிலும் டர்பனிலும் கையில் வாங்கிப் பார்க்கும்படி எதுவும் அகப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் சேரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதும் நடக்காது. விரல் வலிக்காரர் பார்க்காமல் வாங்கும் பொருள் அல்ல இது.

யுகுலேலே விளையாட்டுச் சாமான்தானே, அதற்கு எதற்குக் கைவேலை என்ற கேள்வியும் வீட்டில் எழுந்தது. 1879இல் ராவன்ஸ்க்ராக் கப்பலில் மதெய்ராத் தீவிலிருந்து ஹவாய்க்கு வந்திறங்கிய மூன்று தச்சர்கள்தான் இதை உருவாக்கினார்கள். தொழிற்சாலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா என்னை நிறுத்திவிட்டார். "ஒரே கட்டையில குடைஞ்ச ஏகாந்த வீணைக்கும் துண்டு துண்டா ஒட்டின ஒட்டு வீணைக்கும் விலை வித்தியாசம் கேட்டு வளர்ந்தவ நான். எனக்கு மரத்தைப் பத்திச் சொல்ல வேண்டாம். தம்பி, வீணையை விட்டதே விரலாலதான். இதையும் விடாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

வாங்குவது என்று முடிவானது. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவில்லை. மணிக்கு 200 ரேண்டில் வேலை செய்பவரிடம் குறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் பதிலாக மூன்று விஷயம் கேட்டோம். சி தந்திக்குப் பின்தள்ளிய எலும்புச் சேடில் புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். ஐந்து வருடத்துக்குள் பலகை வெடித்தாலோ சேடிலைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்தாலோ கூலி இல்லாமல் சரிசெய்ய வேண்டும், கூரியர் செலவு எங்களுடையது. பட்டறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார். சேடில் குறையைச் சொன்னபோது கோபப்படவில்லை, அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஏதாவது ஆனால் இவரிடம் பேசலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது அப்போதுதான். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் என்று எழுதி அனுப்பினார்.

பிறகு நடந்தது

புதிய சேடில் வந்து மாட்டியதும் சி தந்தியின் ஏற்றம் 9லிருந்து 3 சென்டுக்கு இறங்கியது. காதுக்கு அது போதும்.

சோதனை ஜூலையில் வந்தது. ஜொகானஸ்பர்க்கின் குளிர்காலத்தில் மழை கிடையாது, காற்று எலும்பு காய்ந்ததுபோல் இருக்கும், வீட்டுக்குள் எலெக்ட்ரிக் ஹீட்டர் வேறு. மகன் வீட்டு வரவேற்பறையில் ஈரப்பதமானி 24 சதவீதம் காட்டியது. பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஈரப் பஞ்சுப் பொதியும் கொடுத்திருந்தேன். ஆனால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று யாரோ அதைச் சுவர் ஸ்டாண்டில் தொங்கவிட்டு, ஒரு வாரம் அப்படியே இருந்திருக்கிறது. கொண்டுவந்தபோது விரல்பலகை ஓரத்தைத் தடவினால் ஃப்ரெட் முனைகள் முள்ளாகக் குத்தின. மரம் சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை. மேல்பலகை லேசாகக் குழிந்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் 2.8லிருந்து 2.2 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தி சரசரத்தது. வெடிப்பு இல்லை. மெல்லிய பலகைக்கு அம்மா கொடுத்த விலையின் மறுபக்கம் இது. அதே வீட்டில் பேரனின் ப்ளைவுட் யுகுலேலேக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவசரப்பட்டு ஈரத்தை ஏற்றினால் அதுவே வெடிக்க வைக்கும். பெட்டியை மூடி, பொதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து, இரண்டு வாரத்தில் 45 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். பலகை எழும்பிவிட்டது. அதன் பிறகு இன்னும் நீட்டிக்கொண்டிருந்த ஃப்ரெட் முனைகளை மட்டும் அரத்தால் தேய்த்தேன். முன்பே தேய்த்திருந்தால் டர்பன் ஈரத்தில் அவை உள்ளே போய் ஓரம் வெறுமையாகியிருக்கும்.

டர்பனில் அடுத்த ஜனவரியில் இதற்கு நேர்மாறு. பலகை உப்பி, தந்தியின் உயரம் 3.2 மில்லிமீட்டருக்கு ஏறி, விரல் வலி எட்டிப் பார்த்தது. செய்தவரிடம் சொன்னோம். உயரம் குறைந்த சேடில் ஒன்றையும் அனுப்பினார். இப்போது பெட்டிக்குள் இரண்டு சேடில் இருக்கின்றன: குளிர்காலத்து ஜொகானஸ்பர்க்குக்கு உயரமானது, கோடைக்காலத்து டர்பனுக்குத் தாழ்ந்தது. தந்தியைத் தளர்த்தி மாற்ற ஐந்து நிமிடம். அம்மாவே மாற்றிக்கொள்கிறார்.

தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாசிக்கிறார் என்று மருமகள் சொன்னார். ஆனால் கோயில் பஜனைக்கும் கடற்கரைப் பிக்னிக்குக்கும் இன்னும் பழைய ப்ளைவுட்டைத்தான் எடுத்துப்போகிறார். வெயிலும் மணலும் அரக்குப் பூச்சுக்கு ஆகாது என்று பயம். கூட்டத்தில் வாசித்தபோது ஓசை பின்வரிசைக்கு எட்டவும் இல்லை. ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் பொருத்த அப்போது 1,900 ரேண்ட் ஆகும் என்று இருந்தது. விற்றால் என்ன கிடைக்கும் என்று மகன் ஒருமுறை டர்பனில் விசாரித்தார். 11,000 என்றார்கள். செய்தவரின் பெயர் ஊரில் தெரிந்திருந்தால் கூடுதலாகக் கேட்கலாம், தெரியவில்லை. முதலீடு என்று நினைத்து வாங்கியிருந்தால் அன்றே நஷ்டக் கணக்குதான்.

அடுத்த முறை மாறுபவை

இதே விசாரணையோடு வருகிறவர்களிடம் இப்போது முதலில் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். எந்த ஊர், ஹீட்டர் உண்டா, வாத்தியம் பெட்டிக்குள் இருக்குமா சுவரில் தொங்குமா என்று தெரியாமல் 1.6 மில்லிமீட்டர் பலகையைச் சிபாரிசு செய்வதில்லை. கூட்டத்தில் வாசிப்பவர் என்றால் பிக்கப்பை ஆர்டர் கொடுக்கும்போதே உள்ளே வைக்கச் சொல்வது மலிவு. செய்து வைத்திருப்பதை வாங்குவதைவிட, கழுத்தின் அளவைச் சொல்லிச் செய்யச் சொல்வதில் இந்த விலைக்கு இன்னும் அர்த்தம் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு 38 மில்லிமீட்டர் தற்செயலாகப் பொருந்தியது. ஏழு நாள் சோதனை போதாது. குறைந்தது ஒரு மாதம் கேட்டுப் பார்க்கலாம், தனிப் பட்டறைக்காரர்கள் பலர் மறுப்பதில்லை. திரைச் சோதனைக்கு முன் வாசிப்பவரின் கைச் சோதனையை வைத்துக்கொள்கிறேன். கேட்பவர்களின் தடுமாற்றத்தைப் பார்த்த பிறகு வாங்குபவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அந்த வருடக் கடைசியில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதே பட்டறையில் ஆர்டர் கொடுக்கலாமா என்று வேறொரு குடும்பம் கேட்டது. பிள்ளையின் கை இன்னும் வளர்கிறது, கழுத்து அளவு இரண்டு வருடத்தில் மாறும், வாத்தியத்தைப் பள்ளிப் பையோடு தூக்கிப்போகிறாள். கடை டெனரை வாங்கி, நட்டைச் சரிசெய்ய என்னிடம் கொண்டுவரச் சொன்னேன்.